இரண்டு நிமிடத்தில் பதற்றம்: மாணவர்கள் த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை அமைக்கும் முறை

பிரிட்டனில் ஏ-லெவலில் (பள்ளி மேல்நிலைப் படிப்பில்) ஊடகவியல் படித்த மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் தரப்பட்ட செய்முறைப் பணிகளுள் ஒன்று, இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்தின் தொடக்கத்தை, பெயர் எழுத்துகளுடன் (டைட்டில்), 2 நிமிடத்துக்கு மிகாமல் எடுத்துக் காட்டுவது. நம் ஊர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. இரண்டு நடிகர்களும் இருட்டான ஒரு வீடும் போதும் என்பதால் பலரும் த்ரில்லரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன்பின் ஒருவர் ஓடுகிறார், முகமூடி அணிந்த இன்னொருவர் துரத்துகிறார், பின்னணி இசை அலறுகிறது. பார்ப்பவர் மட்டும் பதறாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே கேமராவைத் தொடும் முன், பார்ப்பவருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) துப்பாக்கிச் சத்தத்தோடும் ஒரு மரணத்தோடும் தொடங்கி, சுட்டது யார் என்பதை மறைத்துவிடுகிறது, அது புதிர். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) இதற்கு நேர்மாறானது. வெடிகுண்டின் கடிகாரத்தை ஒரு கை திருகுவதையும், குண்டு காரின் பின்பெட்டிக்குள் போவதையும் நாம் பார்த்துவிடுகிறோம். காரில் ஏறுபவர்களுக்கு எதுவும் தெரியாது. அதன்பின் ஏறக்குறைய மூன்று நிமிடம், ஒரு வெட்டும் இல்லாமல், ஒரே ஷாட்டில், கார் எல்லை ஊரின் தெருக்களில் ஊர்ந்து போகிறது, நிற்கிறது, ஆட்டு மந்தைக்கு வழிவிடுகிறது. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தச் சாதாரணத் தெருவைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. புதிர் விரிய முழுப் படமும் வேண்டும் என்பதால், 2 நிமிடப் பயிற்சிக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். இருட்டான கூடத்தில் மோட்டார் சுவிட்சின் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. எங்கோ மோட்டார் ஓடுகிறது. ஒரு கை வந்து சுவிட்சை அணைக்க, சத்தம் நிற்கிறது. அடுத்த ஷாட்டில், வெளியே தொங்கும் பூட்டை ஒரு பெண் திறக்கிறாள். பூட்டை அண்மைக் காட்சியில் தெளிவாகக் காட்டிவிட்டால், உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பவரே கேட்டுக்கொள்வார். அவள் செருப்பைக் கழற்றுகிறாள், பையை வைக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்; ஆபத்து உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தண்ணீர் குடிப்பதைக்கூடப் பத்து விநாடி தாராளமாகக் காட்டலாம். பிறகு, மாடித் தொட்டி நிரம்பி வழிந்த நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும் சத்தம் அவள் காதில் விழுகிறது. காலையிலிருந்து வீட்டில் யாரும் இல்லை. சுவிட்சைப் பார்க்கப் போகிறாள், அணைந்திருக்கிறது, தொட்டால், ஈரம். அங்கே வெட்டிவிட்டுப் படத்தின் பெயரைப் போடுங்கள். உள்ளே இருந்தவர் ஏன் மோட்டாரைப் போட்டார் என்பது பார்ப்பவருக்கு இப்போது தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கையை எப்படி நடிக்க வைப்பது என்றே புரியாது.

இருட்டு என்றால் கறுப்புத் திரை அல்ல. கூடத்தின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால் முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி நிழலிலும் விழும். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடித்தால், ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் தானியங்கி அமைப்பை நம்பக் கூடாது; நிழலைப் பார்த்தவுடன் அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, சூழலைக் கெடுத்துவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 சுழற்சி) என்பதால், விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்துக்கொண்டால் பல விளக்குகளின் சிமிட்டல் பதிவாகாது. அவள் உள்ளே நுழையும்போது கேமராவைக் கூடத்தின் மறுகோடியில், கதவு நிலையின் பின்னே வைத்துப் பாருங்கள். வேறு யாரோ பார்ப்பது போன்ற உணர்வு அதிலேயே வந்துவிடும். கேமரா நடுங்கத் தேவையே இல்லை.

மாணவர் படங்களில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது ஒலி. 1958-இல் வெல்ஸின் அந்தத் தொடக்கத்தின் மேல் ஸ்டூடியோ பெயர் எழுத்துகளையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியே வெளியிட்டது. வெல்ஸ் எழுதிவைத்த நீண்ட குறிப்பின்படி படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1998-இல் மறுபடி தொகுத்தபோது, எழுத்துகள் நீக்கப்பட்டன. அந்த இசையின் இடத்தில் கடைகளிலிருந்து கசியும் பாட்டும் காரின் ரேடியோவும் தெருவின் இரைச்சலும் வந்தன. குண்டு வைத்த கார் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை இப்போது காதாலேயே உணர முடிகிறது. நம் எடுத்துக்காட்டிலும் கதையை நகர்த்துவது மோட்டார்ச் சத்தம்தான். எனவே படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கவைத்து, வெற்று அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிடாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் ஒலி துண்டுபடும். மோட்டார், பூட்டு, தொட்டி நீர் ஆகியவற்றைத் தனித்தனியே, மைக்கை அருகில் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். இசையை ஆகக் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். சேர்த்தாலும், அவள் சுவிட்சைத் தொடும்போது அது முற்றாக நின்றிருக்க வேண்டும்.

பெயர் எழுத்துகளை அவள் சாதாரண வேலைகளைச் செய்யும் ஷாட்டுகளில் மட்டும், சிறியதாக, ஓரத்தில் போடுங்கள். கை, பூட்டு, சுவிட்ச் தெரியும் ஷாட்டுகளில் எழுத்து இருந்தால் கண் அங்கே போய்விடும். தொகுத்து முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, பெண் தண்ணீர் குடிக்கும் இடத்தில் நிறுத்தி, என்ன நடக்கப்போகிறது என்று கேளுங்கள். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அவர் சொல்லாவிட்டால், முதல் ஷாட்டை இன்னும் சில விநாடிகள் நீட்டிவிட்டு, வேறொருவரிடம் காட்டுங்கள்.