மைக்ரோகண்ட்ரோலருக்கு இலவச சி கம்பைலர்: எதை எடுப்பது?

நாம் சி மொழியில் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். அதைத் தேடும் முன் கையில் இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப்பைப் பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

படி 1: சிப்பின் குடும்பம்

சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படியுங்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் இருப்பது ஏடிமெகா328பி, ஏவிஆர் குடும்பம். அதற்கு ஏவிஆர்-ஜிசிசி என்ற கம்பைலர். ஆர்டுயினோ ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) போட்டிருந்தால் அது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. எஸ்டிஎம்32, ராஸ்பெர்ரி பை பிகோ போன்றவை ஆர்ம் வகை. அவற்றுக்கு ஆர்ம் ஜிசிசி. 8051, எஸ்டிஎம்8 என்றால் எஸ்டிசிசி. 8 பிட் பிக் சிப்புக்கு மைக்ரோசிப் தரும் எக்ஸ்சி8 எடுங்கள். எஸ்டிசிசியிலும் பிக் உண்டு, ஆனால் அந்தப் பகுதியை இப்போது யாரும் பராமரிப்பதில்லை.

படி 2: எந்த வகை இலவசம்?

ஜிசிசியும் எஸ்டிசிசியும் கட்டற்ற மென்பொருள்கள். கோடு இவ்வளவுதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. எக்ஸ்சி8 இலவசப் பதிப்பில் உயர்நிலை ஆப்டிமைசேஷன் (கோடைச் சுருக்கி வேகமாக்குவது) மட்டும் பூட்டியிருக்கும். கற்றுக்கொள்ள அது தடையே இல்லை. ஆனால் 8051க்கான கெயில் சி51 கம்பைலரின் மதிப்பீட்டுப் பதிப்பு 2 கிலோபைட் கோடோடு நின்றுவிடும். புதியவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

படி 3: எல்இடியை மினுக்கிப் பாருங்கள்

ஏவிஆரில் தொடங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். டிலே எம்எஸ் (சொன்ன மில்லிவிநாடிகள் காத்திருக்க வைக்கும் ஃபங்ஷன்) சரியாக ஓட இரண்டு விஷயம் வேண்டும்: ஆப்டிமைசேஷன் போட்டிருக்க வேண்டும், எஃப் சிபியூ என்ற பெயரில் சிப்பின் வேகத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் 1 மெகாஹெர்ட்ஸ் என்றே கம்பைலர் கணக்கிடும். சிப் ஓடுவதோ 16 மெகாஹெர்ட்ஸில்! ஒரு விநாடி இடைவெளி 16இல் ஒரு பங்காகச் சுருங்கி, எல்இடி படபடவென அடிக்கும். கம்பைலர் இதை எச்சரிக்கையாகக் காட்டும். அதனால் எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

படி 4: அளவு பாருங்கள்

ஏவிஆர்-சைஸ் கட்டளை முதலில் டெக்ஸ்ட் (கோடு), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (தொடக்க மதிப்பு இல்லாத மாறிகள்) என்று மூன்று எண்கள் காட்டும். முதல் இரண்டின் கூட்டல் ஃபிளாஷில் (நிரல் தங்கும் நினைவகம்) போகும். ஏடிமெகா328பியில் அது 32 கிலோபைட். டேட்டா, பிஎஸ்எஸ் இரண்டின் கூட்டல் ரேமில் போகும். அங்கே இருப்பதோ வெறும் 2 கிலோபைட். ஃபங்ஷன்கள் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டாக்குக்கும் அதில்தான் இடம் வேண்டும். ஏவிஆர்-ஜிசிசியில் சாதாரணமாக எழுதும் ஸ்ட்ரிங்குகள் (எழுத்துத் தொடர்கள்) ரேமுக்கும் நகலாகும் என்பதால், நீளமான செய்திகள் சத்தமில்லாமல் இடத்தைத் தின்றுவிடும். ப்ராக்மெம் என்ற குறிச்சொல்லைப் போட்டு அவற்றை ஃபிளாஷிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் அவற்றைப் படிக்கத் தனி ஃபங்ஷன்கள் உண்டு, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.