சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே கோடு போட்டு, இதுதான் தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரைக்கும் அப்படிப் போட்ட கோட்டிலேயே பறந்தால் சுமார் 18,500 கி.மீ. ஆகும். பூமி உருண்டை என்பதால் நிஜமான குறுக்கு வழி அதைவிட 3,000 கி.மீ.க்கு மேல் குறைவு. கையில் இருக்கும் போனை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் கூகுள் மேப்ஸில் இரண்டு விமான நிலையங்களையும் தேடி, ஓடுபாதை மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சாங்கிக்கு 1.36, 103.99. ஜேஎஃப்கேவுக்கு 40.64, −73.78. கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் ஊரின் தீர்க்கரேகைக்கும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஊரின் அட்சரேகைக்கும் மைனஸ் வரும், அதை விட்டுவிட்டால் கணக்கு மொத்தமும் போச்சு.

அடுத்து தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 103.99 − (−73.78) = 177.77.

சரி, இப்போது கால்குலேட்டரைத் திறந்து போனைப் படுக்கவைத்தால் சைன், காஸ் பட்டன்கள் தெரியும். கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் (Rad) இருந்தால் டிகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சம்பந்தமே இல்லாத விடைதான் வரும்.

சைன் 1.36 × சைன் 40.64 = 0.0155
காஸ் 1.36 × காஸ் 40.64 × காஸ் 177.77 = −0.7580

இரண்டையும் கூட்டினால் −0.7425. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹ பட்டன்) போட்டால் 137.95 டிகிரி. பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கும் கோணம் இது. ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 15,340 கி.மீ. விமானிகள் சொல்லும் கடல் மைலில் வேண்டுமென்றால் அந்த டிகிரியை 60-ஆல் பெருக்குங்கள், 8,277 வரும். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால், துல்லியமான கணக்குக்கும் இதற்கும் பத்து கி.மீ. அளவுக்கு வித்தியாசம் இருக்கும், நமக்கு அது போதும்.

இந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்த்தால்தான் எனக்கு இன்னும் வியப்பு. சாங்கியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் போய், அந்தப் பக்கம் இறங்குகிறது! ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் தொடங்கிய இந்த நேரடிச் சேவை, நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் கடல் மேலாகவே பறக்கிறது. தூரம் கூடினாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் நாம் போட்ட விடை குறைந்தபட்ச தூரம்தான், அன்றன்று பறக்கும் தூரம் காற்றைப் பொறுத்து மாறும்.

அப்புறம், மைனஸ் கணக்கு பழக பெர்த் – லண்டன் ஹீத்ரோ போட்டுப் பாருங்கள். பெர்த் −31.94, 115.97, ஹீத்ரோ 51.47, −0.45. விடை 14,500 கி.மீ.யை ஒட்டி வந்தால் சரி.