புள்ளிப் பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்

இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 9இன் வகுப்பாசிரியை நான். சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் தவணைப் புள்ளிப் பட்டியலை அப்படியே படமெடுத்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். 27 பிள்ளைகள், ஒரே படம், ஒரு நிமிட வேலை. அன்று மாலை கொழுந்து மடுவத்தில் தராசுக்கு வரிசையில் நின்ற தாயொருவரிடம், "உன் மகளுக்குக் கணிதத்தில் ஒன்பதுதானாமே?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் போனே கிடையாது. பிள்ளை மூன்று நாட்கள் பாடசாலைப் பக்கம் வரவில்லை.

அடுத்த தவணையில் பெயர்களை எடுத்துவிட்டு, சேர்விலக்கத்தோடு மட்டும் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். அதுவும் பிழைதான். வரவு இடாப்பின் வரிசையிலேயே அது இருந்தது; பதினோராவது யார் என்பது தினமும் பெயர் கூப்பிடக் கேட்கும் வகுப்புக்குத் தெரியாதா? வரிசையைக் கலைத்தாலும் சமயப் பாடம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வகுப்பில் சைவநெறி 22, கத்தோலிக்கம் 4, இஸ்லாம் 1. இஸ்லாம் நிரலில் புள்ளி உள்ள ஒரே வரியைக் கண்டுபிடித்தால் அந்தப் பையனின் எல்லாப் பாடங்களும் அம்பலம்.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனித் துண்டுதான். எக்செலில் பாடப் பெயர்கள் உள்ள தலைப்பு வரியை, பிள்ளைகளின் வரிகளுக்குக் கீழே 27 முறை ஒட்டுங்கள். ஓரத்தில் ஒரு வெற்று நிரல் எடுத்து, பிள்ளைகளுக்கு 1, 2, 3 என்றும் தலைப்புகளுக்கு 0.5, 1.5, 2.5 என்றும் இலக்கமிட்டு, அந்த நிரலின்படி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையின் தலைக்கு மேலும் ஒரு தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அச்சிட்டு, இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கிழித்து, எழுத்து உள்ளே போகும்படி மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும். வகுப்புத் தலைவனிடம் கொடுத்து விநியோகிக்கச் சொல்லாமல் நீங்களே கையில் கொடுங்கள்.

கோப்பாக அனுப்பத்தான் வேண்டுமென்றால், மற்றவர்களின் வரிகளை மறைத்துவிட்டு அனுப்பாதீர்கள். மறைத்த வரியை யாரும் இரண்டு சொடுக்கில் திறந்துவிடலாம். ஒரு பிள்ளையின் வரியை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புங்கள். அதற்கு முன், நீங்கள் அனுப்பும் போன் இலக்கம் யாருடையது என்று கேளுங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பல வீடுகளுக்கு அடுத்த காம்பராக்காரரின் போன்தான் தொடர்பு இலக்கம். அங்கே தாளே மேல்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் புள்ளியைச் சொல்ல நேரும். மேசையைச் சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு டீச்சர்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். "உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசுவோம் அம்மா" என்று சொல்லிவிட்டு நான் பட்டியலை லாச்சிக்குள் தள்ளிவிடுவேன்.