வெங்காயத்தின் சத்து குப்பைக்குப் போகலாமா?

வெங்காயம் உரித்து முடித்ததும் குப்பையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். காய்ந்த சருகோடு, சாறு நிறைந்த அடுக்கு ஒன்றிரண்டும் கிடக்கும். அவசரத்தில் கத்தியால் கீறி ஒரே இழுப்பாக இழுப்பதால் வரும் இழப்பு அது. வெங்காயத்துக்குப் பெருமை சேர்க்கும் குவெர்செடின் என்ற நிறமிப் பொருள் வெளி அடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது. உள்ளே போகப் போகக் குறைகிறது. சின்ன வெங்காயத்தில் ஓர் அடுக்கு போனாலே அதில் ஒரு பங்கு போய்விடும். தோலோடு பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வையுங்கள், சருகு மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். தோலுக்கு அடியில் கரித்தூள் போலப் பூஞ்சை படிந்திருந்தால் மட்டும் தயங்காமல் அந்த அடுக்கை நீக்கிவிட்டுக் கழுவுங்கள். உள்ளேயும் கொழகொழத்திருந்தால் முழுதாக எறிந்துவிடுவதே நல்லது.

உரிக்க உதவும் அதே தண்ணீர், நறுக்கிய பிறகு பகையாகிறது. காரம் போகட்டும் என்று பச்சடி வெங்காயத்தை ஊறவைத்துப் பிழிகிறோம். நறுக்கும்போது செல்கள் உடைந்து, நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலப்பதால் பிறப்பதுதான் அந்தக் காரம். அதைக் கழுவிவிட்டால் வெங்காயத்தின் குணத்தையே கழுவிவிடுகிறோம். வைட்டமின் சியும் கூடவே கரைந்து போகும். காரம் தாளாதவர்கள் நேராகத் தயிரில் போடலாம். குழம்பில் வேகும் வெங்காயத்துக்கு இந்தக் கவலை இல்லை. நீரில் இறங்கும் குவெர்செடின் குழம்போடு நம் தட்டுக்கே வருகிறது. கருகக் கருக வறுப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை ஏழ்மையின் அடையாளமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2010இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், வெங்காயமோ பூண்டோ சேர்த்தபோது தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் உடல் ஏற்கும் நிலையில் கூடுதலாகக் கிடைத்தன. கம்பும் கேழ்வரகும் உண்ணும் வீட்டில் இது சிறிய லாபம் அல்ல.

என்னை மிகவும் வருத்தும் தவறு வேறு. வெறும் வயிற்றில் வெங்காயச் சாறு குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறார்கள். 100 கிராம் வெங்காயத்தில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர். நார்ச்சத்து 2 கிராமுக்கும் குறைவு, வைட்டமின் சி சுமார் 7 மில்லிகிராம். நாள்தோறும் சாப்பிட வேண்டிய நல்ல காய் அது. மாத்திரையின் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். நறுக்கி வைத்த வெங்காயம் கிருமிகளை இழுத்து விஷமாகிவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தியையும் நம்ப வேண்டாம். மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்தலாம்.

எல்லா வயிறும் ஒன்றல்ல. வெங்காயத்திலுள்ள ஃபிரக்டான் என்ற மாவுப்பொருள் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும்போது சிலருக்கு வயிறு உப்பும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவில் பச்சையாகச் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம்.

மிஞ்சிய சாம்பார் சோற்றையும் பிரியாணியையும் நாய்க்கு வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெங்காயம் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அவற்றுக்கு வெறும் சோற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.