டர்போ பெட்ரோல் காரில் வேகமும் மைலேஜும் சேர்த்துப் பெறும் முறை

போலோ 1.0 டிஎஸ்ஐ போன்ற டர்போ பெட்ரோல் காரை மாற்றியமைக்க நினைப்பவர், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் காரின் இப்போதைய மைலேஜை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுத்து, சில முறை இப்படிக் கிடைத்த சராசரியையே நம்ப வேண்டும். டாஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமானது.

டயர் அளவை மாற்றினால் அந்தக் கணக்கே மாறிவிடும். 195/55 ஆர்16 இருந்த இடத்தில் 205/55 ஆர்16 போட்டால் விட்டம் ஏறத்தாழ 1.8 சதவீதம் கூடுவதால், ஓடோமீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். எடை மிகுந்த 17 அங்குல அலாய் பார்வைக்கு அழகுதான். ஆனால் வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடையைச் சுழற்ற வேண்டியிருப்பதால், பிக்கப்பும் மைலேஜும் சேர்ந்தே குறையும்.

முக்கியமான வேலை ஈசியூ ரீமேப், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் உள்ள 'மேப்' என்னும் நிரலை மாற்றி எழுதுவது. ஆலையிலிருந்து 110 பிஎஸ் திறனும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும் இந்த எஞ்சினில் உச்சத் திறன் எவ்வளவு ஏறும் என்பதையே பலரும் ரீமேப் செய்துதரும் டியூனரிடம் கேட்கிறார்கள். அதைவிட, நிதானமாக ஓட்டும்போது எரிபொருள் முழுமையாக எரிவதற்கான கலவை, அதாவது எடைக் கணக்கில் கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, மாறாமல் இருக்கிறதா என்று கேட்பது பயன் தரும். எரியறையின் வெப்பத்தை அடக்குவதற்காகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டிச் செறிவாக்குவது, எஞ்சினுக்குக் காற்றை விடும் வால்வான த்ராட்டில் முழுதாகத் திறப்பதை ஒட்டிய நிலையில் மட்டும் நிகழ வேண்டும். கூடுதல் டார்க் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே கிடைத்தால், உயர் கியரில் குறைந்த சுழற்சியில் ஓட்ட முடியும்; அப்போது த்ராட்டில் அகலமாகத் திறந்திருப்பதால் காற்றை உறிஞ்சுவதில் ஏற்படும் இழப்பு குறைந்து, ரீமேப் மைலேஜுக்கும் உதவுகிறது. அதற்காக 1,500க்குக் கீழே உயர் கியரில் ஆக்சிலேட்டரை அடியோடு மிதிக்கக் கூடாது; கலவை ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சிதைக்கக்கூடும்.

எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மைலேஜையும் கலப்பில்லாத பெட்ரோலின் மைலேஜையும் ஒப்பிடக் கூடாது. 95 ஆக்டேன் பெட்ரோல் நாக்கிங்கை, அதாவது எரியறையில் கலவை தானாகவே பற்றி வெடிப்பதை, தாங்கும். ஆனால் மேப் அதற்கேற்ப எழுதப்படாவிட்டால் கொடுத்த விலைக்கு ஈடான பலன் கிடைப்பது அரிது.

பானெட்டுக்குள் திறந்தபடி வைக்கும் கூம்பு வடிவக் காற்று வடிகட்டியான கோன் ஃபில்டர் சத்தத்தைத்தான் கூட்டும். எஞ்சினின் சூட்டுக் காற்றை அது உள்ளிழுப்பதால் ஆலையிலிருந்து வரும் மூடிய ஃபில்டர் பெட்டியே மேல். அந்தப் பணத்தைப் டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கச் செலவிடலாம்.

பட்டறைக்குப் போகுமுன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.