சேடில் பேக் ஸ்பீக்கருக்கு டேம்பிங் மேட்: எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டக் கூடாது

பைக்கின் பக்கவாட்டில் மாட்டும் பெட்டியான சேடில் பேக்கின் மூடியில் 6×9 அங்குல ஸ்பீக்கரைப் பொருத்திச் சத்தத்தைக் கூட்டினால், பேஸ் வர வேண்டிய இடத்தில் மூடி கரகரக்கும். உடனே எல்லோரும் தேடிப் போவது, அதிர்வை அடக்க ஒட்டும் ஷீட்டான டேம்பிங் மேட்டைத்தான். மேட் தேவைதான், ஆனால் வரிசையில் அதற்கு மூன்றாவது இடம். காற்றுக் கசிவை அடைப்பது முதல் வேலை. மூடியை விறைப்பாக்குவது இரண்டாவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மேட் ஒட்டினால் பெட்டியின் எடை கூடும், பேஸ் கூடாது.

ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் முன்னால் வரும்போது வெளியே காற்று அழுந்துகிறது, பின்னால் அதே நேரத்தில் காற்று தளர்கிறது. பின்பக்க அலையை அடைத்து வைக்கும் பெட்டிதான் உங்கள் சேடில் பேக். மூடியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் பின் அலை வெளியேறி முன் அலையோடு கலந்து அதை அழித்துவிடும். இந்த இழப்பு தாழ்ந்த ஒலிகளில்தான் அதிகம். அடுத்தது, கோன் ஒரு பக்கம் தள்ளும்போது ஸ்பீக்கரின் சட்டம் மறுபக்கம் உதைக்கிறது. அந்த உதையை மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி தாங்காமல் வளைந்து கொடுக்கிறது.

கார் கதவில் மேட் ஒட்டிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். கதவின் இரும்புத் தகடு தட்டினால் மணி போல ஒலிக்கும். அதன் நடுவில் கால் பங்குப் பரப்பில் மேட் ஒட்டினாலே பெரிய மாற்றம் தெரியும். பிளாஸ்டிக்கும் ஃபைபர் கிளாஸும் அவ்வளவு ஒலிப்பதில்லை. அவற்றின் குறை வளைவதுதான். மேட் வளைவை ஓரளவுதான் குறைக்கும். காற்றிரைச்சலும் சைலென்சர் சத்தமும் இதனால் குறையும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். பைக்கில் அடைத்த அறை எதுவும் இல்லை.

முதலில் கசிவு

இருட்டறையில் எரியும் டார்ச் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் பூட்டுங்கள். வெளிச்சம் எட்டிப் பார்க்கும் இடமெல்லாம் கசிவு. வெளிச்சம் தெரியாத இடத்திலும் ரப்பர் சரியாக அழுந்தாமல் இருக்கலாம். ஒரு காகிதத் துண்டை ஓரத்தில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் போதவில்லை. கீல் பக்கமும் லாட்ச்சுக்கு நேர் எதிர் மூலையும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

மூடி ஓரத்தில் உள்ள பழைய ரப்பர் பட்டை (பீடிங்) தட்டையாகிப் போயிருந்தால் அதை உரித்துவிட்டு, உள்ளே பொள்ளலான ஈபிடிஎம் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். மூடியபின் அது தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுந்த வேண்டும். அதைவிடத் தடிமனாகப் போட்டால் லாட்ச் கஷ்டப்பட்டுப் பூட்டும், சில மாதங்களில் கீல் தளரும். வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் (கிரொமெட்) போடுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சாத 3 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம் கேஸ்கெட் வேண்டும். பெட்டியின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். அந்தச் சிறு துளைகளால் பேஸ் போகாது, அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கும்.

பிறகு விறைப்பு

மூடியின் உள்பக்கம், ஸ்பீக்கர் துளையைச் சுற்றி 12 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் வையுங்கள். எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் நல்லது. மரைன் பிளைவுட் என்றால் வெட்டிய விளிம்புகளை எபாக்ஸியால் மூட வேண்டும். எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். ஸ்பீக்கர், மூடி, வளையம் மூன்றையும் ஊடுருவும் துருப்பிடிக்காத போல்ட்டும் அகலமான வாஷரும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும் போட்டு இறுக்குங்கள். ஃபைபரில் நேரடியாக ஏறும் ஸ்க்ரூ, அதிர்வில் துளையைத் தின்றுவிடும். நட் கழலாமல் இருக்கத் திரெட் லாக்கர் ஊற்றும் பழக்கம் இங்கே ஆபத்து: அந்தத் திரவம் ஏபிஎஸ் மேல் பட்டால் விரிசல் விடும். நைலாக் நட்டே போதும்.

மேட்: எது, எவ்வளவு

மேலே அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலிலும் சைலென்சர் சூட்டிலும் இளகி நாறும், தலைகீழாக ஒட்டிய இடத்தில் தொங்கிப்போய் ஒருநாள் கோன் மேலேயே விழும்.

2 மி.மீ. பியூட்டைல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ வரும். ஸ்பீக்கர் துளை போக மூடியில் மிஞ்சும் பரப்பு சுமார் 0.1 சதுர மீட்டர் என்றால் மூடிக்கு 300 கிராம். இது தாங்கும். பெட்டி முழுவதும் உள்ளே ஒட்டினால் ஒரு பக்கத்துக்கு 2 கிலோவைத் தாண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு ஸ்டிக்கரில் ஸ்பீக்கர், ஆம்ப், மேட் எல்லாமே கணக்கில் சேரும். எனவே மூடிக்கு முழுப் பரப்பும், பெட்டியின் அகலமான இரு பக்கச் சுவர்களுக்கு நடுவில் 15×20 செ.மீ. துண்டு ஒவ்வொன்றும் போதும். தரைக்கு எதுவும் தேவையில்லை. இடம், வலம் இரண்டிலும் ஒரே எடை இருக்கட்டும்.

ஒட்டும் முறை

1. ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். உள்பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் ஏபிஎஸ்ஸைக் கெடுக்கும். ஃபைபர் கிளாஸ் என்றால் அச்சில் தடவிய மெழுகு மிச்சம் இருக்கும். 120 கிரிட் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி துடையுங்கள். ஃபைபர் தூசுக்கு மாஸ்க் அவசியம்.

2. காகிதத்தில் அச்சு வெட்டி, அதை மேட் மேல் வைத்து வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். அலுமினிய விளிம்பு கையை அறுக்கும் என்பதால் கையுறை போடுங்கள்.

3. வெட்டிய துண்டையும் மூடியையும் ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஹீட் கன் வேண்டாம், மூடி கோணிவிடும், வெளிப் பெயின்ட் கொப்புளிக்கும்.

4. பின்தாளை ஒரு முனையில் இரண்டு விரல் அகலம் உரித்து ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி ரோலரால் உருட்டுங்கள். அலுமினியத்தில் இருக்கும் மேடுபள்ள அச்சு மறையும்வரை அழுத்த வேண்டும். அடியில் காற்றுக் குமிழி இருந்தால் ஊசியால் குத்தி உருட்டுங்கள். வேலை பாதியாகப் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான்: கையால் தடவி விட்டுவிடுகிறார்கள், ஓரம் தூக்குகிறது.

5. இணைப்புகளையும் ஓரங்களையும் அலுமினிய டேப்பால் மூடுங்கள். ஈரம் உள்ளே போகாது. ஒரு நாள் கழித்து ஸ்பீக்கரைப் பூட்டுங்கள்.

ஸ்பீக்கர் டெர்மினலைச் சுற்றி 2 செ.மீ. மேட் இல்லாமல் விடுங்கள். மேலே இருப்பது அலுமினியம், மின்சாரம் கடத்தும். அதிர்வில் டெர்மினல்கள் அதைத் தொட்டால் ஷார்ட்டாகி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போகலாம். அலுமினிய விளிம்பைத் தாண்டிச் செல்லும் வயருக்கு உறை போடுங்கள். லாட்ச், கீல், மூடியைத் தாங்கும் பட்டை, பெட்டியைக் கழற்றும் பிடி ஆகிய இடங்களில் மேட் வரக் கூடாது. காந்தத்தின் பின்துளையையும் சட்டத்தின் ஜன்னல்களையும் எதனாலும் மறைக்காதீர்கள், கோனை அசைக்கும் வாய்ஸ் காயில் கம்பிச்சுருளின் சூடு வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

மேட் மேல் 6 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம் ஒட்டினால் பெட்டிக்குள் வைத்த பொருள்கள் உரசும் சத்தம் அடங்கும். தண்ணீர் குடிக்கும் ஸ்பாஞ்ச் வகை ஃபோம் கண்டிப்பாக வேண்டாம். தளர்ந்து கிடக்கும் வயர்களைத் துணி டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். மேட்டைக் குறை சொல்ல வைக்கும் கரகரப்பில் நிறைய இந்த வயர்கள் அடிப்பதுதான்.

சோதனை

டோன் ஜெனரேட்டர் செயலியில் 50 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை நடுத்தரச் சத்தத்தில் மெல்ல ஏற்றுங்கள். எந்த எண்ணில் கரகரக்கிறதோ அங்கே நிறுத்தி, மூடியை ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தும்போது நின்றால் மூடி வளைகிறது: அங்கே இரண்டாவது அடுக்கு மேட் போடலாம், குறுக்கே ஒரு பட்டை வைப்பது இன்னும் நல்லது. லாட்ச் அருகில் அழுத்தி நின்றால் லாட்ச் தளர்வு. பெட்டியையே அழுத்தி நின்றால் அது பைக்கின் சட்டத்தில் உட்காரும் ரப்பர் தேய்ந்திருக்கும். மூன்றாவதற்கு எவ்வளவு மேட் ஒட்டினாலும் பலனில்லை.

ஆம்பில், மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வைத்துத் தொடங்குங்கள். பிறகு காதுக்கேற்ப 70 வரை இறக்கிப் பார்க்கலாம். சாமான் நிரம்பிய பெட்டியில் காற்றின் கொள்ளளவு குறைவதால் பேஸ் மாறும். எனவே வழக்கமாக எடுத்துச் செல்லும் சாமானை வைத்தபடியே இந்த அமைப்பைச் செய்யுங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தையும் மேட்டின் ஓரங்களையும் பாருங்கள். தூக்கிய ஓரத்தைச் சூடாக்கி மறுபடி உருட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முழுத் துண்டையும் மாற்ற வேண்டுமானால் சூடாக்கி மெல்ல உரியுங்கள். மிஞ்சும் பிசினை உரித்த பியூட்டைல் துண்டாலேயே ஒற்றி ஒற்றி எடுக்கலாம், கரைப்பான் எதுவும் தேவைப்படாது.