பிஞ்சு வெம்பி உதிர்கிறதா? பூவைப் பாருங்கள்

தைப்பட்டத்தில் மாடியில் போட்ட பூசணி, சுரை போன்ற காய்கறிக் கொடிகள் இந்நேரம் பந்தல் ஏறிப் பூக்கத் தொடங்கியிருக்கும். முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான். அது உதிர்ந்தால் கவலை வேண்டாம். சில நாள் கழித்து, அடியில் குட்டிக் காயோடு ஒரு பூ வரும். அதுதான் பெண் பூ. அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். உடனே உரக்கடைக்கு ஓடி டானிக் வாங்காதீர்கள். தேனீ வராத மாடியில் அதன் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் மிஞ்சும் தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள பிசுபிசுப்பான நுனியில் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். பூசணிக்குப் பூசணிப்பூ, சுரைக்குச் சுரைப்பூதான். மாற்றித் தடவினால் பலனில்லை.

நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் மலர்பவை. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சுரை, பீர்க்கு, புடலைக்குச் சாயங்காலம் போக வேண்டும்.

தக்காளி, கத்தரிக்கு இந்தப் பாடே இல்லை, பூத்த கிளையை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

தடவிய பிறகு அன்று பூவின் மேல் தண்ணீர் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். மிஞ்சிய பூசணி ஆண் பூக்களைத் தூக்கிப் போடாதீர்கள், பஜ்ஜிக்கு அருமையாக இருக்கும்.